புது வெள்ளம் ஒலிநூல்: இன்னும் 16 அத்தியாயங்களுக்குக் குரல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

'பொன்னியின் செல்வன்' நாவலின் முதல் பாகமான 'புது வெள்ள'த்தின் 57 அத்தியாயங்களில் 41-க்குப் படிக்க ஆள் கிடைத்தாயிற்று. கதை தொடங்குவதே ஆடிப்பெருக்கன்று, வீரநாராயண ஏரிக்கரையில். அதனால் முதல் அத்தியாயத்தை இந்த ஆடி 18 அன்றே வெளியிட ரொம்ப ஆசை. கல்கியின் எழுத்து நாட்டுடைமை. உரிமைச் சிக்கல் இல்லை.

1. ஜூலை 5, ஞாயிறு மாலை 5 மணிக்குக் கூகுள் மீட்டில் கூடுவோம். படிப்பவர்கள் அவசியம் வரவும்.
2. எல்லோரும் மதுரைத் திட்டத்தில் (தமிழ் நூல்களை இலவசமாகத் தரும் இணைய நூலகம்) உள்ள வடிவத்தையே படிக்கவும். ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம்.
3. ஃபேனை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திப் பதிவு செய்யவும். சென்ற வாரம் வந்த ஒரு பதிவில், ஆழ்வார்க்கடியான் வாதம் சூடுபிடிக்கும் இடத்தில் குக்கர் விசில் மூன்று முறை கேட்கிறது. அருமையான குரல், திரும்பப் படிக்க வேண்டியதாயிற்று.
4. போனை வாய்க்கு நேராகப் பிடிக்காமல் ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வைக்கவும். இல்லையென்றால் 'ப' வரும்போதெல்லாம் காற்று அடிக்கும்.
5. ழகரம் முக்கியம். பழுவேட்டரையர் பெயர் பக்கத்துக்குப் பக்கம் வரும். பத்து முறை சொல்லிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.
6. தடுமாறினால் நிறுத்தாதீர்கள். ஒரு கைதட்டு, பிறகு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து. வெட்டி ஒட்டுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

பிழைதிருத்தம் கேட்க இரண்டு பேர் தேவை. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகக் கேட்கும் பொறுமை இருந்தால் போதும்.

படிக்க விரும்புவோர் வெள்ளிக்கிழமை இரவுக்குள் பெயரையும் அத்தியாய எண்ணையும் இங்கேயே பதிவிடவும். கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.