ரோபோ ஆபரேஷனும் தொடையில் கட்டும் பட்டையும்

அன்புள்ள கஸ்தூரி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் வைத்தாயிற்றா? அதை எழுதாமல், அண்ணனுக்கு ரோபோ வைத்துச் செய்யப்போகும் முட்டி மாற்று ஆபரேஷனில் ரோபோவே வெட்டுமா, தொடையில் பட்டை எதற்கு என்றே இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய்!

பெரும்பாலான ரோபோக்கள் தானாக எதையும் வெட்டாதுடி. ரம்பம் டாக்டர் கையில்தான் இருக்கும். குறித்து வைத்த எல்லையை ரம்பம் தாண்டாமல் ரோபோவின் கை பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

நீ கேட்ட தொடைப்பட்டைக்கு டூர்னிகே என்று பெயர். ஆபரேஷன் தியேட்டரில் அதைக் கட்டிக் கட்டியே என் காலம் போனது. முதலில் தொடையில் பஞ்சு சுற்றி, அதன்மேல் பட்டையைக் கட்டுவோம். காலைத் தூக்கிப் பிடித்து, பாதத்திலிருந்து ரப்பர் துணியை இறுகச் சுற்றி ரத்தத்தை மேலே தள்ளுவோம். அப்புறம் பிரஷர் பார்க்கும் அதே அளவில் 250, 300 என்று பட்டையில் காற்றை ஏற்றினால் காலுக்கு ரத்தம் போகாது. ஆன்டிபயாடிக் ஊசியை அதற்கு முன்பே போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் மருந்து முட்டிக்குப் போய்ச் சேராது. கடைசியில் காற்றை இறக்கும்போது நோயாளியின் ரத்த அழுத்தம் சட்டென்று குறையலாம். மயக்க டாக்டரின் கண் மானிட்டரை விட்டு நகராது.

ரத்தம் கசியாவிட்டால், செயற்கை மூட்டை எலும்போடு ஒட்டவைக்கும் எலும்பு சிமெண்ட் நன்றாகப் பிடிக்கும். பட்டை கட்டுவதற்கு முக்கியமான காரணங்களில் அதுவும் ஒன்று. ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2020 தொகுப்பு, பட்டை கட்டியவர்களுக்கு முதல் நாள் வலியும், கடுமையான பக்கவிளைவுகளும் கூடுதல் என்கிறது. இப்போது டிரானெக்ஸாமிக் ஆசிட் என்ற மருந்தைக் கொடுத்தே ரத்தப்போக்கைப் பெருமளவு குறைத்துவிடுகிறார்கள். ரோபோ முறையில், வழக்கமான முறைபோல் அளவு பார்க்கத் தொடை எலும்புக்குள் கம்பி விட வேண்டியதில்லை, அதனாலும் கசிவு குறையும். ஆனால் டாக்டர்களுக்கு ரோபோ பழகும் வரை நேரம் கூடுதலாகப் பிடிக்கும். தொடக்கம் முதலே காற்றை ஏற்றி வைத்தால் அத்தனை நேரமும் கால் ரத்தமில்லாமல் கிடக்கும். பட்டை தொடைத் தசையை இறுக்குவதால், முட்டியை மடக்கி நீட்டி எடுக்கும் அளவுகூட மாறலாம் என்பார்கள் சில டாக்டர்கள். அந்த அளவை நம்பித்தானே ரோபோவின் திட்டமே!

என்னைக் கேட்டால், சிமெண்ட் வைக்கும் நேரத்துக்கு மட்டும் ஏற்றினால் போதும். ஆனாலும் அண்ணனின் டாக்டருக்கு அவர் வழக்கம் என்று ஒன்று இருக்கும். "எவ்வளவு நேரம் கட்டுவீங்க?" என்று தயங்காமல் கேள். அண்ணனுக்குச் சர்க்கரை உண்டே, காலில் ரத்த ஓட்டம் பார்த்த ரிப்போர்ட் இருந்தால் கையோடு எடுத்துப் போ. முன்பு எப்போதாவது காலில் ரத்தம் உறைந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்.

வார்டில் ராத்திரி துணைக்கு யார்? ஆள் இல்லையென்றால் எழுது, நான் வருகிறேன்.

அன்புடன்,
மல்லிகா