கனக்க விற்றதெல்லாம் திறமான சாமானா?

அன்பின் குகன்,

உன் கடிதம் போன கிழமையே கிடைத்தது. கடையில் சனம் குறைந்த நேரம் பார்த்து இன்றைக்குத்தான் ஆறுதலாகப் பதில் எழுத இருக்கிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். இந்த முறை மழை போதுமான அளவு பெய்ததால் இரணைமடுக் குளத்தில் தண்ணீர் நல்லாய் நிற்கிறது. உருத்திரபுரம் பக்கம் காலபோக நெல் வெட்டு முடிந்துவிட்டது, நெல் விலை மட்டும் வழக்கம்போல வெட்டு முடிந்த கையோடு இறங்கிக் கிடக்கிறது. அம்மாவுக்குச் சீனி வருத்தம் இப்போது கட்டுப்பாட்டில் இருக்கிறது, உன்னைப் பற்றி அடிக்கடி கேட்பா. கடை இன்னும் கரடிப்போக்குச் சந்தியில்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கனடாவிலிருந்து வரும்போது மல்லாவியில் இருக்கும் அக்காவின் மகனுக்குக் கையில் வைத்து விளையாடும் கேம் ஒன்று கொண்டுவரப்போவதாகவும் எதை வாங்கலாம் என்றும் கேட்டிருந்தாய். அதோடு நிறுத்தாமல், எது கனக்க விற்றதோ அதுதான் திறமான சாமான், நிண்டெண்டோ என்ற ஜப்பான் கம்பனியின் ஸ்விட்சை 15 கோடி பேர் பிழையாகவா வாங்குவார்கள் என்றும் எழுதிவிட்டாய். மச்சான், இந்தச் சாமான்களின் வயிற்றைத் திறந்து பார்த்துப் பிழைக்கிறவன் நான், அந்த வரியை வாசித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் உன் பக்கத்துக்குச் சாதகமானதைச் சொல்கிறேன். 1989 இல் நிண்டெண்டோவின் கேம்போய் வந்தது. வர்ணம் கிடையாது, பச்சை கலந்த சாம்பலில் நாலே நாலு சாயல், திரைக்குப் பின்னால் வெளிச்சமும் இல்லை. அதே ஆண்டு அட்டாரியின் லிங்ஸ் வர்ணத் திரையோடும் பின்வெளிச்சத்தோடும் வந்தது, அடுத்த ஆண்டு ஜப்பானில் சேகாவின் கேம் கியர் வந்தது, அதுவும் வர்ணம். அமெரிக்காவில் கேம்போய் 90 டொலர், லிங்ஸ் 180, கேம் கியர் 150. கடைசியில் கேம்போயும் அதற்குப் பின் வந்த கேம்போய் கலரும் சேர்ந்து ஏறத்தாழ 11 கோடியே 87 இலட்சம் விற்றன, கேம் கியர் ஒரு கோடியைக் கொஞ்சம் தாண்டி நின்றுவிட்டது, லிங்ஸ் அதற்குக் கிட்டவும் வரவில்லை. இதைக் காட்டித்தான் கனபேர், மட்டமான சாமான் வென்றது, ஆகவே விற்பனைக்கும் தரத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று வாதாடுகிறார்கள். நான் அந்தக் கட்சியும் இல்லை. அந்த மூன்றிலும் கேம்போய்தான் திறமானது என்பது என் முடிவு.

ஏனென்று உனக்கு நான் விளக்கத் தேவையில்லை, நீயும் நானும் பற்றரி இல்லாத ஊரில் வளர்ந்தவர்கள். 1990 இலிருந்து அரசாங்கம் வடக்குக்குப் போட்ட பொருளாதாரத் தடை, உள்ளே வரக்கூடாத பொருட்களில் பற்றரியும் ஒன்று. சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்ட சனம் நாங்கள். லிங்ஸுக்கு ஆறு பென்ரோச் பற்றரி போட்டால் நாலைந்து மணித்தியாலம், கேம் கியருக்கும் ஆறு போட்டு மூன்றிலிருந்து ஐந்து மணித்தியாலம். கேம்போய்க்கு நாலே நாலு, ஆனால் பதினைந்து மணித்தியாலமாவது ஓடும். வர்ணம் வடிவுதான், ஆனால் காலையில் போட்ட பற்றரி மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் செத்துப்போகிற சாமானை எப்படித் திறம் என்று சொல்வது? இன்னொன்று, பின்வெளிச்சத் திரை எங்கள் வெயிலில் வெளிறி ஒன்றுமே தெரியாது. கேம்போயின் திரைக்கு வெளிச்சம் வெளியிலிருந்துதான் வரவேண்டும், அதனால் பங்குனி வெயிலில் அச்சடித்த தாள் மாதிரித் தெளிவாக இருக்கும். இரவில் ஜாம்போத்தல் விளக்குக்குக் கிட்ட வைத்தாலும் அவ்வளவாகத் தெரியாது, அது வேறு கதை. ஆக, தரம் என்பது சாமானுக்குள் மட்டும் இருப்பதில்லை, அதைக் கையில் வைத்திருக்கிறவன் எங்கே இருக்கிறான் என்பதும் சேர்ந்ததுதான் தரம்.

1990–91 வளைகுடாப் போரில் குண்டுவீச்சில் கருகிய ஒரு கேம்போய் பற்றி நீ கேள்விப்பட்டிருப்பாய். முன்பக்க பிளாஸ்டிக் உருகிக் கறுத்துப்போய்விட்டது, ஆனால் உள்ளே உயிர் இருந்தது. நியூயோர்க்கில் இருக்கிற நிண்டெண்டோ கடையில் அதை டெட்ரிஸ் விளையாட்டு ஓடியபடியே பல வருடம் காட்சிக்கு வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் கருகிய வீடுகளுக்குள்ளிருந்து என்னென்ன சாமான் எந்தக் கோலத்தில் எடுத்தோம் என்று தெரிந்த எனக்கு, அந்தப் படத்தை முதன்முதல் பார்த்தபோது அதைச் செய்தவர்கள் மேல் பெரிய மரியாதை வந்தது.

இதுவரைக்கும் நீ சொன்னது சரிபோலத்தான் தெரியும்: திறமானது விற்றது. இப்போது அடுத்த பக்கத்தைக் கேள். கேம்போயைச் செய்த குழுவின் தலைவர் குன்பெய் யோகோய். பழகிப்போன, விலை விழுந்துவிட்ட, குணமும் குற்றமும் எல்லோருக்கும் தெரிந்த தொழில்நுட்பத்தை எடுத்து, அதை யாரும் யோசிக்காத விதத்தில் பயன்படுத்துவதுதான் அவருடைய வழி. புதுசுக்குப் பின்னால் ஓடாத மனிதர். அவர் 1996 இல் நிண்டெண்டோவை விட்டு வெளியேறித் தன் சொந்த நிறுவனத்தைத் தொடங்கி, பண்டாய் நிறுவனத்துக்காக இன்னொரு சாமானில் வேலை செய்தார். 1997 ஒக்ரோபரில் வீதி விபத்தில் இறந்துபோனார். அந்தச் சாமான் வொண்டர்ஸ்வான், 1999 மார்ச்சில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. விலை 4800 யென்தான். படுக்கையாகவும் பிடிக்கலாம், நட்டமாகவும் பிடிக்கலாம். போடவேண்டியது ஒரேயொரு பென்ரோச் பற்றரி, அதில் முப்பது மணித்தியாலத்துக்குக் கிட்ட ஓடும். ஒன்று, மச்சான்! தொண்ணூறுகளில் எங்கள் கையில் அப்படி ஒன்று கிடைத்திருந்தால் அதை எப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருப்போம் என்று யோசித்துப் பார்.

அது விற்றது எவ்வளவு தெரியுமா? எல்லா வடிவமும் சேர்த்துச் சுமார் 35 இலட்சம், அதுவும் ஜப்பானுக்குள் மட்டும். அதே மனிதர், அதே யோசனை, கேம்போயை விடவும் சிக்கனமான சாமான், ஆனால் விற்பனை முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. ஏனென்றால் 1996 இல் ஜப்பானில் போக்கிமொன் என்ற, பிராணிகளைப் பிடித்துச் சேர்க்கும் விளையாட்டு வந்து, கிழவனாகிப் போயிருந்த கேம்போய்க்கு மறுபடி உயிர் கொடுத்திருந்தது. வகுப்பில் பக்கத்தில் இருக்கிறவனிடம் கேம்போய் இருந்தால்தான் இரண்டையும் வயரால் இணைத்துப் போக்கிமொன் மாற்றிக்கொள்ளலாம், ஆகவே அடுத்த பிள்ளையும் கேம்போய்தான் கேட்கும். நல்ல சாமானா இல்லையா என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் எதை வைத்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

இன்னும் நம்பவில்லை என்றால் 2011 ஐ எடு. நிண்டெண்டோவின் 3டிஎஸ் என்ற கைக்கேம் அந்த ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவில் 250 டொலருக்கு வந்து எதிர்பார்த்தபடி போகவில்லை. ஓகஸ்டில் விலையை 170 டொலருக்கு இறக்கினார்கள், நிறுவனத் தலைவர் சதோரு இவாட்டா தன் சம்பளத்தில் பாதியை வெட்டிக்கொண்டார், அதற்குப் பிறகு விற்கத் தொடங்கி கடைசியில் அந்தச் சாமானின் எல்லா வடிவமும் சேர்த்து ஏறத்தாழ 7 கோடியே 59 இலட்சத்தில் போய் நின்றது. மார்ச்சில் உள்ளே இருந்த மின்சுற்றுப் போர்ட்தான் ஓகஸ்டிலும், அதே திரை, அதே ஆணி. அந்த ஐந்து மாதத்துக்குள் எந்தத் தரம் கூடியது? சோனியின் வீட்டா என்ற கைக்கேமுக்கு நடந்தது இதற்கு எதிர்ப்பக்கம். 5 அங்குல ஓஎல்இடி திரை, கையில் எடுத்தால் வைக்க மனம் வராத சாமான், அமெரிக்காவில் 250 டொலர். ஆனால் சாதாரண மெமரி கார்ட் அதற்குப் போடேலாது, அதற்கென்றே செய்த கார்ட்தான் வேண்டும், 32 ஜிபி கார்ட் ஒன்று தொடக்கத்தில் 100 டொலர். சாமான் விலையில் ஐந்தில் இரண்டு பங்கை ஒரு நகத்தளவு கார்ட்டுக்குக் கேட்டால் எந்தத் தகப்பன் கொடுப்பான்? தொலைபேசியிலும் விளையாட்டு வந்துவிட்ட காலம் வேறு. வீட்டாவின் விற்பனையைத் தனியாக அறிவிப்பதையே சோனி இடையில் நிறுத்திவிட்டது.

இனி நீ சொன்ன ஸ்விட்சுக்கு வருகிறேன். அது நல்ல சாமான், நான் மறுக்கவில்லை. வீட்டில் ரீவியில் போட்டுவிட்டுப் பிறகு கழற்றிக் கையில் கொண்டுபோகலாம் என்பதை அவ்வளவு எளிதாக யாரும் அதற்கு முன் செய்து காட்டவில்லை. ஆனால் அதன் கைப்பிடியில் விரலால் தள்ளும் குச்சி தொடாமலே தானாக ஒரு பக்கம் இழுக்கும் குறை உலகம் முழுக்கத் தெரிந்தது. உள்ளே கரித்தடத்தின் மேல் ஒரு சின்ன உலோக நாக்கு உரசிக்கொண்டே இருக்கும், தடம் தேயத் தேய அளவு பிழைக்கும். 2019 இல் அமெரிக்காவில் இலவசமாகத் திருத்திக் கொடுக்கத் தொடங்கினார்கள், 2020 இல் தலைவர் புருகாவா மன்னிப்பும் கேட்டார். அதனால் விற்பனை தளரவில்லை. அந்தத் தொகையை வைத்துக்கொண்டு குச்சி நல்லது என்று சொல்ல முடியுமா?

நாங்கள் ஸ்கந்தபுரத்தில் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் உன் சின்ன மாமா கொழும்பிலிருந்து கொண்டுவந்த, கட்டைகள் விழும் பிரிக் கேம் நினைவிருக்கும். 9999 விளையாட்டு என்று முகப்பில் போட்டிருந்தது, உள்ளே கைவிரலில் எண்ணக்கூடிய விளையாட்டுகள், வேகத்தையும் மட்டத்தையும் மாற்றி மாற்றி எண்ணிக்கையைக் கூட்டியிருந்தார்கள். இறங்கிப்போன பற்றரியை வெயிலில் காயவைத்து, மறுபடி போட்டு, முறை வைத்து விளையாடினோம். போன மாதம் அதே மாதிரி ஒன்றை ஒரு ஐயா கடைக்குக் கொண்டுவந்தார், பெயர் இல்லை, செய்தவன் யார் என்று ஒரு எழுத்தும் இல்லை. பற்றரி கசிந்து சுருள்கம்பி பச்சை பூத்திருந்தது. சுரண்டி எடுத்துவிட்டுப் பழைய ரிமோட் ஒன்றிலிருந்து சுருள் கழற்றி ஈயம் வைத்தேன். பொத்தான்களுக்குக் கீழே இருக்கும் கறுத்த றப்பரை ஸ்பிரிட்டால் துடைத்தேன், திரைக்கும் போர்ட்டுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய வரி போட்ட றப்பர் பட்டியை நேராக்கி ஆணியை இறுக்கினேன். திரையில் இருபது வரிசையும் வந்தது, அந்தக் கீச்சுச் சத்தமும் வந்தது. ஐயா அதை வாங்கி அந்த இடத்திலேயே நின்று ஒரு ஆட்டம் ஆடினார். அவருடைய மகன் விளையாடியதாம், அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தச் சாமான் எந்தக் கம்பனியின் கணக்கிலும் இல்லை, குகன். ஆசியா முழுக்க எத்தனை பெட்டிக்கடையில் எத்தனை தொங்கியது என்று யார் எண்ணினார்கள்? 11 கோடி, 15 கோடி என்று நாங்கள் காட்டும் தொகையில் அந்தக் காலத்து வன்னி கிடையாது. கடையும் காசும் பாதையும் இருந்த இடங்களில் என்ன வாங்கினார்கள் என்பதைத்தான் அந்தத் தொகை சொல்லும். அதைச் சரியாகச் சொல்லும் என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதில் எதை அக்காவின் பெடியன் கையில் கொடுக்கலாம் என்று அதனிடம் கேட்காதே.

பெடியனுக்கு நான் சொல்வது 3டிஎஸ்ஸின் இன்னொரு வடிவமான 2டிஎஸ், பாவித்ததே போதும். தட்டையாய் இருக்கும், நடுவில் மடிப்பு இல்லை, ஆகவே முறிய ஒன்றுமில்லை, சின்னப் பிள்ளைகளை நினைத்தே அப்படிச் செய்தார்கள். அதற்கு முந்திய டிஎஸ்ஸின் விளையாட்டுக் கார்ட்டும் அதில் ஓடும். மல்லாவியில் அவர்கள் வீட்டுப் பக்கம் சிக்னல் வருவதும் போவதுமாய் இருக்கும், கார்ட்டில் இருந்தால் இணையத்தை நம்பியிருக்கத் தேவையில்லை, அதுவும் 3டிஎஸ்ஸின் இணையக் கடையை 2023 இல் மூடிவிட்டார்கள். கார்ட்டுகளையும் அங்கேயே வாங்கு, 3டிஎஸ் கார்ட்டுக்குப் பிராந்தியப் பூட்டு இருக்கிறது, வேறு பிராந்தியத்துக்குச் செய்தது அதில் ஓடாது. முக்கியமானது சார்ஜர்: கனடாவில் அதோடு வருவது 120 வோல்ட்டுக்கு மட்டும், இங்கே 230, செருகினால் அன்றைக்கே முடிந்தது. யூஎஸ்பியில் செருகும் வயர் தனியாக விற்கிறார்கள், இரண்டு வாங்கி வா, அந்த முனை என்னிடம் இல்லை. வாங்க முன் அங்கேயே கடையில் வைத்து நாலு பக்கமும் பொத்தானை அமத்திப் பார், தோளில் இருக்கும் இரண்டு பொத்தானையும் மறக்காதே.

ஸ்விட்ச்தான் வாங்குவேன் என்று நின்றால் வாங்கு, பிள்ளை சந்தோசப்படும், அதைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் எங்கள் காசில் அது ஒரு இலட்சத்தைக் கிட்டத்தட்டத் தொடும் சாமான், தொலைந்தால் உடைந்தால் அக்காதான் நித்திரை இல்லாமல் இருப்பா, அதையும் யோசி.

ஓகஸ்டில் எத்தனையாம் திகதி வருகிறாய் என்று எழுது. ரொறன்ரோவில் பழைய கேம் விற்கிற கடை ஏதாவது உன் பக்கம் இருந்தால் ஒரு வொண்டர்ஸ்வான் இருக்கிறதா என்று எனக்காகக் கேட்டுப் பார். காசு நான் தருவேன், திறந்து பார்க்கவேண்டும் என்று கனகாலமாய் ஆசை.

அன்புடன்,
சீலன்
கிளிநொச்சி