உச்மக்: அன்று நான் சொன்னது தப்பு

அஸ்ஸலாமு அலைக்கும் மகளே,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன், அதைத் திருத்தத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். துருக்கி சூஃபிக் கவிஞர் யூனுஸ் எம்ரே பாட்டில் 'உச்மக்' என்று வருகிறது, அங்காராவில் உன்னோடு படிப்பவர்களைக் கேட்டால் 'பறப்பது' என்கிறார்கள், ஆனால் வரியோடு ஒட்டவில்லை என்றாய். நானும் பெரிய ஞானி மாதிரி, "உயிர் பறந்து போகிற இடம், அதனால் சொர்க்கத்துக்கே பறத்தல் என்று பேர்" என்று அளந்துவிட்டேன்.

அப்புறம் மனசு கேட்காமல் கிளாசனின் அகராதியைப் புரட்டினேன். 1972இல் வந்தது, பழைய துருக்கிச் சொற்களுக்கு அதைத்தான் பார்ப்பார்கள். இவை இரண்டும் வேறு வேறு சொற்கள். 'பற' என்பதற்கான 'உச்' அசல் துருக்கி வினை. சொர்க்கம் என்ற உச்மக், பட்டுப்பாதை வணிகர்களான சோக்தியர்களின் மொழியிலிருந்து வந்தது, பாரசீகத்தில் சொர்க்கத்தைச் சொல்லும் பிஹிஷ்துக்கு உறவு. பழைய வடிவம் 'உஷ்த்மக்' போல ஒலிக்கும். வினையோடு 'மக்' சேர்த்துத் தொழிற்பெயர் ஆக்குவது துருக்கிக்காரர்கள் பழக்கம் இல்லையா, காதுக்குப் பழகிய அந்த வடிவத்துக்குள் இது போய் விழுந்துவிட்டது. நரகத்துக்கு அவர்கள் சொன்ன 'தமு'வும் சோக்தியச் சொல்தான். இஸ்லாத்துக்கு வந்த பிறகும் பல நூற்றாண்டு இந்த இரண்டையும் விடவில்லை, அரபியிலிருந்து வந்த ஜென்னத் (சொர்க்கம்), ஜெஹென்னெம் (நரகம்) எல்லாம் மெல்ல மெல்லத்தான் இடத்தைப் பிடித்தன. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது, நாமும் ஓதும்போது ஜன்னத் என்றுவிட்டுப் பேசும்போது சொர்க்கம், நரகம் என்றுதானே சொல்கிறோம்.

ஆனால் நான் அளந்தது முழுப் பொய்யும் இல்லை (கொஞ்சம் மானத்தைக் காப்பாற்றிக்கொள்கிறேன்). மங்கோலியாவில் ஓர்கோன் ஆற்றங்கரையில் 732இல் நட்ட கல்லில், குல் தெகின் என்ற இளவரசன் ஆட்டு ஆண்டின் பதினேழாம் நாள் 'பறந்தான்' என்று வெட்டியிருக்கிறார்கள். செத்தான் என்று பொருள். ஆக அந்த வினைக்குள் மரணம் முன்பே உட்கார்ந்திருந்தது, சொர்க்கம் வெளியூரிலிருந்து வந்து பக்கத்தில் குடியேறியது. யூனுஸ் காலத்தில், அதாவது 1300 வாக்கில், கேட்பவர் காதில் இரண்டும் ஒரே ஓசை. அவரே இன்னொரு பாட்டில், உலர்ந்திருந்தோம் ஈரமானோம், காலாக இருந்தோம் தலையானோம், சிறகு முளைத்துப் பறவையானோம், பறந்தோம் அல்ஹம்துலில்லாஹ் என்கிறார். அங்கே சாவும் இல்லை, சொர்க்கமும் இல்லை, நிஜமாகவே பறக்கிறார். சொர்க்கத்தைப் பற்றி அவருக்குப் பெரிய மயக்கம் கிடையாது என்பது உனக்கே தெரியும், அந்த மாளிகைகளையும் ஹூரிகள் என்ற சொர்க்கக் கன்னியரையும் கேட்பவருக்குக் கொடு, எனக்கு நீதான் வேண்டும் என்று அல்லாஹ்விடமே சொன்னவர்.

அதனால் உன் தமிழாக்கத்தில் அந்த வரிக்குச் 'சொர்க்கம்' என்றே போடு. நான் சொன்னேன் என்று 'பறத்தல்' என்று போட்டிருந்தால் அடித்துவிடு.

இன்னொன்று கண்ணில் பட்டது. தெதெ கொர்குத் என்ற பழைய துருக்கி வீரக்கதைகளின் முடிவில் ஒரு வாழ்த்து வரும்: வெள்ளைத் தாடி வாப்பாவின் இடம் உச்மக் ஆகட்டும், நரைத்த கூந்தல் உம்மாவின் இடம் பிஹிஷ்த் ஆகட்டும். உறவுக்காரச் சொற்கள் இரண்டையும் ஆளுக்கொன்றாகக் கொடுத்திருக்கிறார்கள் பார்! இதை உன் உம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "முதலில் தாடிக்கு மருதாணி போடுவதை நிறுத்துங்கள், அப்புறம் பார்க்கலாம்" என்றுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வாப்பா