பி லைசன்ஸ் எடுத்த மகளுக்காக

சுங்கை சிப்புட், மலேசியா

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் ஜே.பி.ஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) ஓட்டுநர் தேர்வில் தேறி, புதிய ஓட்டுநருக்கான பி லைசன்ஸ் எடுத்துவிட்டாள் என்றதும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். நாங்கள் நலம். சாயங்காலமானால் மழைதான்.

"இனி அவள் பாட்டுக்கு ஓட்டட்டும்" என்று எழுதியிருந்தாய். அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. எல் லைசன்ஸில், அதாவது பழகுநராக, இருந்தவரை ஓட்டுநர் பள்ளி ஆசிரியரோடுதான் ஓட்டினாள். நாம் பக்கத்தில் உட்கார்ந்து பழக்க வழியில்லை. கற்றதும் பெரும்பாலும் தேர்வுக்கானது: மேட்டில் நிறுத்தி எடுப்பது, பக்கவாட்டில் பார்க்கிங், தேர்வு நடக்கும் அதே சாலை. இருட்டு, அடைமழை, நெடுஞ்சாலை எல்லாம் இனிமேல்தான். தனியாக ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்களில்தான் புதியவர்களுக்கு விபத்து அதிகம். அதனால் காரில் பி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் இந்த 2 ஆண்டுகளை அவளுடைய பயிற்சிக் காலமாக வைத்துக்கொள்.

என் மகனை முதலில் தோட்டத்துச் சாலையில் ஓட்ட விட்டேன். குறுகிய வளைவில் செம்பனைக் குலை லோரி எதிரே வந்தால் எங்கே ஒதுங்குவது என்று அங்கேதான் பழகினான். அப்புறம் பாசார் நேரத்தில் டவுன். மழை கொட்டும்போதும் வேண்டுமென்றே கிளம்பினோம். முன்னால் போகும் காருக்கு எவ்வளவு இடைவெளி விடுவது என்பது வாயால் சொல்லி வருவதில்லை. இரவில் விளக்கில்லாமல் வரும் மோட்டார் சைக்கிள்களும் அப்படித்தான். கடைசியாக, கோலகங்சாரில் நெடுஞ்சாலை ஏறி மெனோரா சுரங்கப்பாதை வழியாக ஈப்போ. ஏற்றத்தில் லோரிகள் ஊர்ந்து போகும், பின்னால் கார்கள் பாய்ந்து வரும்; கண்ணாடியைப் பார்த்து எப்போது தடம் மாறுவது என்று அவனே முடிவு செய்ய வேண்டும். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டிராமல் கியரைக் குறைக்கவும் அங்கே கற்றுக்கொண்டான்.

பக்கத்தில் உட்கார்பவர் கத்தக் கூடாது, நண்பா. உன் குரல் எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன். திரும்ப வேண்டிய இடத்தை முன்கூட்டியே சொல். அவள் பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்: "முன்னால் மோட்டார், ஓரத்தில் பிள்ளைகள்" என்று. எதைக் கவனிக்கவில்லை என்பது உனக்கு உடனே தெரிந்துவிடும். கூட்டாளிகளை ஏற்றிக்கொண்டு போவது கொஞ்ச நாள் வேண்டாம். இளையவர்களுக்குக் கவனம் சிதறுவது அங்கேதான்.

தீபாவளிக்குக் குடும்பத்தோடு வாருங்கள். பீடோரிலிருந்து அவளே ஓட்டட்டும்: கம்பார் வழியாகக் கோப்பேங் வரை பழைய சாலை, அங்கே நெடுஞ்சாலை ஏறலாம். நெரிசலுக்கு முன்னே காலையிலேயே கிளம்புங்கள். பசியாற இங்கே வந்துவிடலாம்.

அன்புடன்,
உன் நண்பன்