ரத்தம் இல்லாவிட்டால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் சிறுவர் பக்கத்தில் 8 நிமிட சூப்பர் ஹீரோ குறும்படம் ஒன்றைப் பற்றி, 'ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை, எல்லா வயதுக் குழந்தைகளும் பார்க்கலாம்' என்று எழுதியிருந்தீர்கள். ரத்தத்தை வைத்து வயதை நிறுக்கும் தராசு தங்கள் அலுவலகத்தில் இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

ரத்தம் இல்லாததுதான் ஐயா அந்தப் படத்தின் கோளாறே. நாயகன் மாடியிலிருந்து குதிக்கிறான், உடையைத் தட்டிவிட்டு நடக்கிறான். அடிபட்டவனுக்கு வலிப்பதே இல்லை. கண்ணிலிருந்து பாயும் நெருப்புக் கதிரை விட்டுவிடலாம், அது எந்தக் குழந்தைக்கும் கைக்கெட்டாது. நாற்காலி எட்டும், துண்டு எட்டும். கழுத்தில் முடிந்த துண்டோடு குதிக்கும்போது நுனி எதிலாவது மாட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. திரையில் பார்த்ததை வீட்டில் செய்ய முடியுமா என்பதல்லவா முதல் கேள்வி?

'எல்லா வயது' என்றால் எந்த வயது? தாங்கள் அறியாததல்ல, 1980களிலேயே, கோபம் வந்தால் பச்சை அரக்கனாக மாறும் மனிதனைப் பற்றிய 'இன்க்ரெடிபிள் ஹல்க்' தொலைக்காட்சித் தொடரை வைத்து ஆராய்ந்தார்கள். அந்த உருமாற்றம் பெரிய பிள்ளைகளைவிடப் பள்ளி செல்லாத சிறுசுகளைத்தான் அதிகம் மிரட்டியது. பச்சையாக மாறுபவன் நல்லவன்தான் என்பது அவர்களுக்கு ஆறுதலில்லை. கோரமாக இருந்தால் பயம், அவ்வளவே. 'அது சும்மா, வேஷம்' என்ற விளக்கம் ஏழெட்டு வயதுக்குப் பிறகுதான் எடுபடும். அதற்குமுன் படத்தை நிறுத்திவிட்டு மடியில் உட்காரவைப்பதே வழி.

குறும்படம் என்பதால் சலுகையும் கிடையாது. முழுநீளப் படத்தில் ஒரு சாவு ஆறித் தேற இரண்டு மணி நேரம் இருக்கிறது. இங்கே 2ஆம் நிமிடத்தில் அம்மா சாகிறாள், 7ஆம் நிமிடத்தில் பழிவாங்கல், உடனே பெயர்ப் பட்டியல். குழந்தை எப்போது அழுது முடிப்பது? பட்டியலுக்குப் பின் வில்லன் கண் விழிக்கும் துணுக்கு ஒன்றும் உண்டு. தங்கள் விமர்சகர் அதற்குள் எழுந்துவிட்டார் போலும்.

கடைசிச் சண்டையின் மின்னல் வெட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நொடிக்கு 3 முறைக்கு மேல் பளிச்சிடும் ஒளி, முக்கியமாகச் சிவப்பு, சிலருக்கு வலிப்பைத் தூண்டும். 1997 டிசம்பரில் ஜப்பானில் போக்கிமான் தொடரின் ஒரே பகுதியைப் பார்த்து 600க்கு மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அதிலும் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது!

முடிவைப் போட்டு உடைப்பது, ஓடும் நேரத்தைத் தராதது, 3 வயதையும் 12 வயதையும் ஒரே கூடையில் போடுவது, விமர்சனத்துக்குப் பக்கத்திலேயே அதே நாயகனின் பொம்மை விளம்பரம் என்று தங்கள் பக்கத்தின் குறைப் பட்டியல் நீளம். போன ஆண்டும் எழுதினேன். பாராட்டு வரிகள் இரண்டை மட்டும் பிரசுரித்தீர்கள், நன்றி.

விமர்சனத்தின் கீழே ஒரு வரி போதும்: எத்தனை நிமிடம், எந்த வயதிலிருந்து, எந்த நிமிடத்தில் பயமுறுத்தும் காட்சி, எங்கே மின்னல் வெட்டு. இடம் போதாதென்றால் நட்சத்திரங்களில் இரண்டைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்