அந்தச் சின்ன ஆசூஸில் விண்டோஸ் 11 ஏறாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய லேப்டாப்பை என்ன செய்வது என்ற கேள்விக்கு எல்லா மெஷினுக்கும் ஒரே பதில் பொருந்தாது என்பதற்கு ஆசூஸ் ஈபுக் எக்ஸ்205டிஏ நல்ல உதாரணம். 2014 கடைசியில் 14,999 ரூபாய்க்கு இந்தியாவில் விற்பனைக்கு வந்த மாடல் இது. 11.6 அங்குலத் திரை, ஒரு கிலோவுக்குள் எடை, விசிறியே கிடையாது. தயாரிப்பு எப்போதோ நின்றுவிட்டது. பழையதாக வாங்கும்போது, "விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இதிலுள்ள இன்டெல் ஆட்டம் இசட்3735எஃப் ப்ராசஸர் 64 பிட்தான். ஆனால் போர்டில் பதித்திருக்கும் யூஇஎஃப்ஐ, அதாவது மெஷினை எழுப்பி விண்டோஸைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள், 32 பிட். அது 32 பிட் பூட் கோப்பை மட்டுமே ஏற்கும். விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே இல்லை. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப்புக்கான சோதனையைத் தாண்ட, ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸ் அமைப்புப் பட்டியலில் செய்யும் வித்தையெல்லாம் வேறு மெஷினில் பலிக்கலாம். இங்கே இன்ஸ்டால் திரைகூட வராது. ராம் 2 ஜிபி, ஸ்டோரேஜ் 32 ஜிபி இஎம்எம்சி (ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக இருக்கும் நினைவகச் சிப்). இரண்டுமே போர்டோடு சால்டர் செய்யப்பட்டவை. வேறு டிஸ்க் (எஸ்எஸ்டி) மாட்ட சாட்டா இணைப்பும் இல்லை. அந்த 32 ஜிபியும் விண்டோஸ் கணக்கில் 29 ஜிபி சொச்சம்தான். பெரிய அப்டேட்டுகள் பாதியில் நின்றதற்கு பெரும்பாலும் இந்த இட நெருக்கடிதான் காரணம், வைரஸ் அல்ல.

மிச்சமிருக்கும் வழி, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ். அதிலும் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. உபுண்டு என்ற லினக்ஸ் வகையை ஏற்றிய பென்டிரைவைச் செருகினால் பூட் பட்டியலில் அது தெரியாது. அதிலும் 32 பிட் யூஇஎஃப்ஐ-க்கான பூட் கோப்பு இல்லை. உடனே 32 பிட் லினக்ஸைத் தேடிப் போகிறார்கள். தேவையில்லை. டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வகையில், 12-ஆம் பதிப்பு முதல் 64 பிட் இன்ஸ்டால் இமேஜிலேயே (பென்டிரைவில் ஏற்றும் கோப்பிலேயே) அந்தக் கோப்பு இருக்கிறது. டெபியன் 13-ல் 32 பிட் இன்ஸ்டாலரையே நிறுத்திவிட்டார்கள்.

முதலில் கோப்புகளை வெளியே நகலெடுத்துவிட்டு, மெஷின் ஆன் ஆகும்போது எஃப்2 அழுத்தி யூஇஎஃப்ஐ அமைப்புக்குள் போய், செக்யூர் பூட் என்ற பாதுகாப்புச் சோதனையை அணைக்கவும். பிறகு மெஷினை ஆன் செய்யும்போது எஸ்கேப் அழுத்தினால் பென்டிரைவைத் தேர்ந்தெடுக்கலாம். இதில் லேன் போர்ட் கிடையாது. வைஃபை சிப் பிராட்காம் 43340. அதை இயக்கும் சிறு மென்பொருளான ஃபர்ம்வேர் டெபியன் 12 முதல் இன்ஸ்டாலரோடு வருகிறது. அப்படியும் வைஃபை எழவில்லை என்றால் மொபைலை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டு, மொபைலின் இணையத்திலேயே வேலையை முடிக்கலாம். எந்த டெஸ்க்டாப் என்று கேட்கும் இடத்தில் கனமான க்னோமைத் தவிர்த்து, இலகுவான எல்எக்ஸ்க்யூடி போதும். இன்ஸ்டால் ஆனதும், ராமில் இருப்பதைச் சுருக்கி வைத்து இடம் மிச்சப்படுத்தும் இசட்ராம் போடுங்கள். 2 ஜிபியில் அது செய்யும் உபகாரம் பெரிது. அப்போதும் பிரவுசரில் மூன்று நான்கு டேப்தான். படங்களையும் பாடங்களையும் மைக்ரோ எஸ்டி கார்டில் வையுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென உறைந்து, மவுஸ்கூட நகராமல் நின்றால் ராம் கெட்டுவிட்டது என்று அவசரப்பட வேண்டாம். இந்தத் தலைமுறை ஆட்டம் சிப்பில், வேலையில்லாதபோது ப்ராசஸர் மின்சாரம் மிச்சம் பிடிக்கும் தூக்க நிலைக் கோளாறு பரவலாகத் தெரிந்ததுதான். லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப்பின் அமைப்பில் intel_idle.max_cstate=1 என்று சேர்த்துத் தூக்க நிலையைக் கட்டுப்படுத்தினால் பெரும்பாலும் அடங்கும். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும்.

மெஷினுக்குள் இருக்கும் பேட்டரியின் மாடல் சி21என்1414, 7.6 வோல்ட், 38 வாட்-ஹவர். கீழ் மூடி மேடிட்டிருந்தால் வீங்கிவிட்டது என்று பொருள். அப்படியே சார்ஜ் போடாதீர்கள். சார்ஜர் 19 வோல்ட், 1.75 ஆம்பியர். பழைய மெஷின் வாங்குகிறவர்கள் இந்த ஒரிஜினல் சார்ஜரையும் சேர்த்தே கேட்டு வாங்க வேண்டும். அது இல்லாமல் விலை பேசவே கூடாது.

இப்படிக்கு,
லேப்டாப் பழுதுபார்ப்பவர்,
திண்டுக்கல்.