தயவுசெய்து அந்தப் பாலத்தை ஓட்டிவிடாதீர்கள்

திரைப்படக் கலை கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே,

வணக்கம். ஆவணப்பட வரலாறு நடத்தும்போது யோரிஸ் ஈவன்ஸ் பெயரைச் சொல்லாமல் நீங்கள் தாண்டுவதில்லை. ஸ்பெயின், சீனா, வியட்நாம் என்று கேமராவோடு உலகைச் சுற்றிய டச்சுக்காரர். நான் படித்த இடத்திலும் அப்படித்தான் அறிமுகம் செய்தார்கள். 1928-இல் அவர் எடுத்த 'பாலம்' படத்தைப் போட்டு, மூன்றாவது நிமிடத்திலேயே "இதெல்லாம் ஆரம்பகாலப் பயிற்சி" என்று சொல்லி வேகமாக ஓட்டிவிட்டார்கள். படத்தில் வரும் தூக்குப் பாலம் மேலே ஏறுவதற்குள் வகுப்பு அடுத்த படத்துக்குப் போய்விட்டது. பல வருடம் கழித்து ஒரு ராத்திரி தனியாக உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். எங்களுக்குக் கிடைக்காமல் போனது எவ்வளவு பெரிய பாடம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அந்த ஆதங்கத்தில் எழுதுகிறேன்.

ஈவன்ஸ் 1898-இல் நைமேகன் ஊரில் பிறந்தவர். தாத்தா போட்டோகிராபர், அப்பாவுக்கு கேமரா வியாபாரம். 13 வயதிலேயே வீட்டாருக்கு வேடம் கட்டி ஒரு குறும்படம் எடுத்திருக்கிறார். ஆனால் அவரைக் கலைஞராக்க யாரும் திட்டமிடவில்லை. கடையை ஏற்று நடத்தத்தான் ரோட்டர்டாமில் பொருளாதாரமும் பெர்லினில் புகைப்படத் தொழில்நுட்பமும் படிக்க அனுப்பினார்கள். ஜெர்மனியில் லென்ஸ், கேமரா தொழிற்சாலைகளிலும் வேலை பழகினார். டிரெஸ்டனில் எமானுவல் கோல்ட்பெர்க் வடிவமைத்த கினாமோ கேமரா அங்கேதான் அவர் கைக்குப் பழகியது. ஸ்பிரிங்கை முறுக்கிவிட்டால் போதும், முக்காலி தேவையில்லை. 25 மீட்டர் ஃபிலிம் பிடிக்கும். அதாவது ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதல். அதற்குள் என்ன பார்க்கப் போகிறோம் என்று முடிவு செய்துகொண்டுதான் பொத்தானை அழுத்த வேண்டும்.

அந்தக் கேமராவோடு அவர் ரோட்டர்டாமில் அப்போது புதிதாக நின்ற ரயில்வே தூக்குப் பாலத்துக்குப் போனார். கதை என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ரயில் வருகிறது, சிக்னலில் நிற்கிறது. பாலம் மேலே ஏறுகிறது, கீழே கப்பல் போகிறது. பாலம் இறங்குகிறது, ரயில் கிளம்புகிறது. ஆனால் பாருங்கள்: பாலம் ஏறும்போது, அதைத் தூக்க மறுபக்கம் கட்டிய எதிர் எடைகள் கீழே இறங்குகின்றன. கம்பி வடம் சக்கரத்தில் ஓடுகிறது. கேமரா கோபுரத்தின் மேலேறித் தண்டவாளத்தைக் குனிந்து பார்க்கிறது. ஒரு ஷாட்டில் மேலே போன அசைவுக்கு அடுத்த ஷாட்டில் கீழே வரும் அசைவு பதில் சொல்கிறது. எடிட்டிங் என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடத்தை நான் பார்த்ததில்லை. படத்தின் தொடக்கத்தில் கினாமோவையே நமக்குக் காட்டுகிறார், பார்க்கிற கருவி இது என்று.

அடுத்த வருடம் 'மழை'. இயக்குநர் மன்னஸ் ஃப்ராங்கனோடு சேர்ந்து எடுத்தது. ஆம்ஸ்டர்டாமில் ஒரு மழை வந்து நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். அந்தப் பன்னிரண்டு நிமிடம் போல ஓடும் படத்துக்கு நான்கு மாதம் மழைக்காகக் காத்துக் கிடந்தார். தூங்கும்போதும் கேமரா படுக்கையருகே இருக்கும். நகரத்தின் வேறு வேறு பகுதிகளில் இருந்த நண்பர்கள், "இங்கே நீ கேட்ட மழை பெய்கிறது" என்று போன் செய்து சொல்வார்களாம். படத்தில் ஒருவர் கையை நீட்டி முதல் துளியைச் சோதிப்பார். அந்த ஒரு ஷாட்டுக்காகவே நான் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் வெறும் அழகியல் என்று தள்ளுகிறவர்கள் 1933-இல் பெல்ஜிய இயக்குநர் ஆன்றி ஸ்டோர்க்கோடு சேர்ந்து ஈவன்ஸ் எடுத்த, போரினாஜ் பகுதி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் படத்தைத்தான் ஆதாரமாகக் காட்டுவார்கள். பெல்ஜியத்தில் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு வறுமையில் கிடந்த குடும்பங்கள். அங்கே அழகான ஷாட் எடுப்பதே அந்த மக்களுக்குச் செய்யும் அவமதிப்பு என்று ஈவன்ஸ் நினைத்தார், எடுக்கவில்லை. உண்மைதான். ஆனால் எது அழகு என்று விரல் நுனியில் தெரிந்தவர்தான் அதை வேண்டாம் என்று வைக்க முடியும். ஐந்து வருடத்துக்கு முன்னால் அந்த இரும்புச் சட்டத்தில் ஏறி இறங்காமல் அந்தத் துணிச்சல் அவருக்கு வந்திருக்குமா?

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் பருவத்தில் பிள்ளைகளிடம் கதை கேட்காதீர்கள். வசனம் வேண்டாம், நடிகர் வேண்டாம். ஒரு கிணற்று ராட்டினமோ ஒரு லெவல் கிராசிங்கோ கொடுத்து மூன்று மாதம் அதையே பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஷாட்டும் ஒரு நிமிடத்துக்குள் முடியட்டும். அதற்கு முன்னால் ஒரு நாள் வகுப்பறை விளக்கை அணைத்துவிட்டு 'பாலம்' படத்தை முழுவதும் போடுங்கள். மௌனப் படத்துக்கு மேல் விளக்கம் பேச வேண்டாம். கால் மணி நேரம்கூட ஆகாது.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவி ஒருத்தி